அந்தப் பக்கம் பிடித்தது யார்

பதினோரு வருஷமாக ஒரே ரம்பத்தின் இந்தப் பக்கம் கிறிஸ்துதாஸ் என்றால் அந்தப் பக்கம் வீரமுத்து. கள்ளக்குறிச்சியில் கண்ணாயிரத்தின் விறகு மண்டிக்கு வந்துபோகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒருவன் காய்ச்சலில் படுத்தால் மற்றவனுக்கும் அன்று கூலி கிடையாது. ஒருவன் மாமியார் வீட்டுச் சாவுக்குப் போனால் மற்றவன் மண்டி வாசலில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருப்பான். வேறு ஆளைப் போட்டு ஓட்டிப் பார்க்கலாம் என்று கண்ணாயிரம் இரண்டொரு தடவை முயற்சி செய்து, ரம்பத்தின் பல் உடைந்ததுதான் மிச்சம்.

இரண்டாள் ரம்பத்தில் தள்ளுகிற வேலையே கிடையாது. இழுக்க வேண்டும், பிறகு விட்டுக்கொடுக்க வேண்டும். தெரியாதவன் தன் பலத்தைக் காட்டித் தள்ளுவான். தள்ளினால் அலகு வளைந்து கட்டைக்குள் சிக்கிக்கொள்ளும். இவர்கள் இரண்டு பேருக்கும் அந்தத் தகராறு ஒருநாளும் வந்ததில்லை. அவன் இழுக்கும்போது இவன் விட்டான், இவன் இழுக்கும்போது அவன் விட்டான். பேச்சுகூட வேண்டியிருக்கவில்லை.

இதெல்லாம் மண்டிக்குள் நடக்கிற கதை. மண்டிக்குள் வாடா, போடா. மண்டி வாசலைத் தாண்டினால் டீக்கடையில் கிறிஸ்துதாஸுக்குத் தனி கிளாஸ். மரம் பார்ப்பதற்காக வீரமுத்துவின் ஊருக்குப் போனால் அவன் தெருவில் கிறிஸ்துதாஸ் “வாங்க, போங்க” என்றுதான் பேசியாக வேண்டும். வீரமுத்து அதைக் கேட்டும் கேட்காதவன் மாதிரி மரத்தின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருப்பான். கிறிஸ்துதாஸுக்கு அதில் வருத்தம் இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். ஆனால் பழகிப் போயிருந்தது. பழகிப் போகாமல் யார் கிட்டே போய் முறையிடுவது?

எண்பத்தேழாம் வருஷம் கண்ணாயிரத்துக்கு மிஷின் ஆசை பிடித்தது. கச்சிராயபாளையத்து ஏலத்தில் கல்வராயன் மலையிலிருந்து இறங்கிய கட்டைகளை மொத்தமாக எடுத்திருந்தார். செங்கல் சூளைக்காரர்களும் ஓட்டல்காரர்களும் கல்யாண மண்டபக்காரர்களும் விறகு விறகு என்று பறந்தார்கள். கை ரம்பத்தை நம்பிக் காத்திருக்க முதலாளிக்குப் பொறுமை இல்லை. கிறிஸ்துதாஸ் கல்யாணத்துக்கு முன்னால் ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் இரண்டு வருஷம் இருந்தவன். அங்கே மிஷின் ரம்பம் ஓட்டியவன். அதனால் சேலத்துக்குப் போய் மிஷின் பார்க்க அவனைத்தான் கூட்டிக்கொண்டு போனார்.

பஸ் ஏறுவதற்கு முன் வீரமுத்து அவனைத் தனியே தள்ளிக்கொண்டு போனான்.

“ஒத்த ஆள் மிஷினுன்னு ஒண்ணு இருக்குதாமே?”

“இருக்குது.”

“நீ அத வாங்கிக்கினு வந்தா நான் எங்கடா போவேன்? எனக்கு வேற இன்னா தெரியும்? மச்சான் அய்யனாரு பி.ஏ. படிச்சிட்டு வேலை இல்லாம என் வூட்லதான் துன்னுக்கினு கீறான். எல்லாம் என் ஒருத்தன் கையிலடா.”

கிறிஸ்துதாஸ் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தான். பஸ்ஸில் ஆத்தூர் வரைக்கும் முதலாளி பேசிக்கொண்டே வந்தார். அவன் காதில் ஒரு வார்த்தையும் ஏறவில்லை.

சேலத்துக் கடையில் இரண்டு மிஷின் இருந்தன. ஒன்று புதிது, சிறியது. ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான அலகு. ஒரு கையில் தூக்கிவிடலாம். இன்னொன்று ஏதோ எஸ்டேட்டில் ஓடி ஓய்ந்து வந்த பெரிய மிஷின். இரண்டு முழ அலகு. இஞ்சின் பக்கம் ஒரு ஆள், அலகின் நுனியில் இருந்த கைப்பிடியைப் பிடிக்க இன்னொரு ஆள்.

கடை மெக்கானிக் நல்ல மனுஷன். கேட்காமலே எல்லாம் சொன்னான். விறகுக்கு வாங்குகிறவன் மூன்று விஷயம்தான் பார்க்க வேண்டும்: கட்டையின் தடிமனுக்கு மேல் நாலு விரல் அலகு நீளம் இருந்தால் போதும், நாள் முழுக்கக் குனிந்து நின்று அறுப்பதால் எடை எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது, சங்கிலி அறுந்தால் அதே சங்கிலி மறுநாள் கடையில் கிடைக்க வேண்டும். சிறிய மிஷினைக் கையில் கொடுத்து, கிடந்த ஒரு கட்டையைக் காட்டினான்.

கிறிஸ்துதாஸ் கயிற்றைச் சுண்டினான். இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. ஒரு சாண் தடிமன் வேப்பங்கட்டை, அவன் மூச்சை இழுத்து விடுவதற்குள் இரண்டாக விழுந்தது. அவனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இது மட்டும் கைக்கு வந்தால் மண்டியில் அவன்தான் ராஜா. யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். யார் காய்ச்சலும் அவன் கூலியைத் தொடாது. அந்த மிஷினுக்கு அவன் எவ்வளவு ஆசைப்பட்டான் என்பது அவனுக்குத்தான் தெரியும்.

மிஷினை அணைத்துக் கீழே வைத்தான்.

“இது வேணாங்க மொதலாளி. மலைக்கட்டைக்குத் தாங்காது. அந்தப் பெரிசுதாங்க சரியா இருக்கும்.”

மெக்கானிக் அவனை ஒரு மாதிரிப் பார்த்தான். “விறகுக்கு யாருய்யா அத வாங்குவாங்க? அது நின்ன மரத்தைச் சாய்க்கற மிஷினு.”

“எங்க கட்டை உங்களுக்குத் தெரியாதுங்க” என்றான் கிறிஸ்துதாஸ். கண்ணாயிரத்துக்குப் பழைய மிஷினின் விலை பிடித்திருந்தது. பெரிய பொருளைச் சிறிய விலைக்கு வாங்குகிற சந்தோஷத்தில் அவர் வேறு எதையும் கேட்கவில்லை.

கருணாபுரம் காலனியில் வீட்டுக்கு வந்து சொன்னபோது அவன் பெண்டாட்டி உபகாரமேரி கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டாள்.

“கைக்கு வந்தத தட்டி வுட்டுட்டு வந்து நிக்கிறியே, உனக்கு இன்னா பைத்தியமா? உன் எடத்துல அவன் இருந்திருந்தா உனக்காவ இப்படிப் பண்ணுவானா?”

“பண்ணுவான்” என்றான். அவன் அதை நம்பித்தான் சொன்னான்.

மிஷினுக்கு மாலை போட்டு, தேங்காய் உடைத்து, மண்டிக் கொட்டகையில் வைத்தார்கள். கொட்டகைச் சாவி கிறிஸ்துதாஸிடம் இருக்கட்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். இஞ்சின் பக்கம் அவன், நுனிக் கைப்பிடியில் வீரமுத்து. பருத்த கட்டைக்கு மிஷின் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் மண்டியில் பருத்த கட்டை எத்தனை இருக்கும்? பத்தில் ஒன்று. மிச்சம் ஒன்பதையும் பழைய கை ரம்பத்தால்தான் அறுத்தார்கள். கண்ணாயிரம் மிஷினைப் பார்க்கும்போதெல்லாம் முணுமுணுத்தார். “நல்லா செலக்‌ஷன் பண்ணினடா டேய்” என்பார். கிறிஸ்துதாஸ் தலையைக் குனிந்துகொள்வான். எதிரில் வீரமுத்துவும் குனிந்துகொள்வான். அந்த நாட்களில் வீரமுத்து தன் வீட்டுக் கம்பங்கூழைத் தூக்குப்போசியில் கொண்டு வந்து அவனோடு பங்கு போட்டுக் குடித்தான். மண்டிக்குள்தான்.

புரட்டாசி பிறக்கிற சமயம் வீரமுத்துவின் ஜாதிச் சங்கத்துக்காரர்கள் சாலை மறியல் அறிவித்தார்கள். தங்கள் ஜனங்களுக்குத் தனி இட ஒதுக்கீடு வேண்டும். ஒரு வாரத்துக்கு ஒரு வண்டி ஓடக் கூடாது. சுவரெல்லாம் எழுத்து, ஊர் ஊராகக் கூட்டம். கண்ணாயிரம் காற்றடிக்கிற திசை தெரிந்தவர். மண்டியைப் பூட்டிவிட்டு ஆத்தூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

மறியலுக்கு முந்தின நாள் சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரத்தில், வீரமுத்து கருணாபுரத்துக்கு வந்தான். பதினோரு வருஷத்தில் அவன் அந்தத் தெருவுக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. கிறிஸ்துதாஸுக்குக் கை கால் ஓடவில்லை. கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டான். வீரமுத்து உட்கார்ந்தான்.

“குடிக்கத் தண்ணி குடும்மா” என்றான்.

உபகாரமேரி புருஷன் முகத்தைப் பார்த்தாள். உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீரும் ஒரு டம்ளரும் கொண்டு வந்தாள். வீரமுத்து டம்ளரை வாங்கினான். தூக்கி ஊற்றவில்லை, உதட்டில் வைத்தே குடித்தான். தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

“கொட்டாய் சாவி வேணும்டா. நீயும் கூட வா. நாளைக்குத் தியாகதுருகம் ரோட்ல புளியமரத்தை எல்லாம் சாய்க்கணும். கோடாலியில வெட்டுனா விடிஞ்சிடும். இந்த மிஷின் இருந்தா ஒரு மணி நேரம்.”

“நான் வரமாட்டேன். உங்க ஆளுங்க போராட்டத்துல எனக்கு இன்னாடா வேலை?”

“சரி, வரவேணாம். சாவிய குடு. அய்யனாரு அந்தப் பக்கம் புடிப்பான். ஒரு நாளு. திருப்பிக் கொண்டாந்து வச்சிர்றேன். மொதலாளிக்கு எங்க தெரியப்போவுது?”

கிறிஸ்துதாஸ் அந்த டம்ளரைப் பார்த்தான். கட்டிலின் ஓரத்தில், காலியாக, வீரமுத்துவின் உதடு பட்ட ஈரத்தோடு இருந்தது. எழுந்து போய் ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்துக் கொடுத்தான். ஒரு டம்ளர் தண்ணீருக்கு மனுஷன் இப்படியா விழுவான் என்று கேட்கலாம். பதினோரு வருஷம் தனி கிளாஸில் டீ குடித்துப் பார்த்துவிட்டுக் கேட்க வேண்டும்.

மறுநாள் விடியலில் அவன் வீட்டில்தான் இருந்தான். தூரத்தில் மிஷின் சத்தம் கேட்டது. இஞ்சின் நடுநடுவே திணறியது. நின்று நின்று ஓடியது. அந்தப் பக்கம் பிடித்திருப்பவன் தள்ளுகிறான் என்று அவனுக்கு உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்தது. “சும்மா புடிச்சிக்கினா போதும்டா, ஏன்டா தள்ற” என்று தன்னையறியாமல் சொன்னான். உபகாரமேரி பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து போனாள்.

அந்த வாரம் ரோடெல்லாம் மரம். அங்கங்கே துப்பாக்கிச் சூடு, உயிர்ச்சேதம் என்று செய்தி வந்துகொண்டே இருந்தது. எந்த ஊர்க் காலனியில் யார் வீடு எரிந்தது என்பதையும் ஜனங்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். கருணாபுரத்து ஆண்கள் முறை வைத்துத் தெருமுனையில் உட்கார்ந்தார்கள். கிறிஸ்துதாஸையும் கூப்பிட்டார்கள்; ஆனால் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். வீரமுத்து அவன் வீட்டுக்கு வந்து போனது எல்லோருக்கும் தெரியும்.

வாரம் முடிந்ததும் போலீஸ் புறப்பட்டது. வாய்க்கால் ஓரத்தில் முட்புதருக்குள் மிஷின் கிடைத்தது. யாருடையது என்று கண்டுபிடிக்க அரை நாள்கூட ஆகவில்லை. ஆத்தூரிலிருந்து அழைத்து வரப்பட்ட கண்ணாயிரம், வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் சொன்னார்.

“சாவி கிறிஸ்துதாஸ் கையில இருந்துதுங்க. விறகுக்குச் சின்ன மிஷினு போதும்னு கடைக்காரனே சொன்னான். மரம் சாய்க்கற மிஷின்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னவன் இவன்தாங்க. அப்பவே எனக்கு ஏதோ மாதிரி இருந்துச்சி.”

ஏதோ மாதிரி இருந்ததாம்! பாதி விலைக்குக் கிடைத்ததென்று பஸ்ஸில் வழி நெடுகச் சிரித்துக்கொண்டு வந்த மனுஷன்.

கிறிஸ்துதாஸை ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். முற்றத்தில் மிஷின் கிடந்தது. சங்கிலிப் பல்லில் புளியமரத் தூள் அப்பியிருந்தது. சுவரோரம் இருபது பேர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள். முதல் ஆள் வீரமுத்து. அவன் இஞ்சினைப் பிடித்து அறுத்ததை நாலைந்து பேர் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். அய்யனார் அந்த வரிசையில் இல்லை.

இன்ஸ்பெக்டர் நுனிக் கைப்பிடியைப் பூட்ஸ் காலால் நெம்பிக் காட்டினார்.

“இது ஒருத்தன் ஓட்டுற மிஷின் இல்ல. இந்தப் பக்கம் நீ. அந்தப் பக்கம் புடிச்சது எவன்டா?”

வீரமுத்து தலையைக் குனிந்துகொண்டான். ஒரு அடி விழுந்தது. இன்னொன்று விழுந்தது. கிறிஸ்துதாஸுக்கு ஒவ்வொரு அடியும் தன் முதுகில் விழுந்த மாதிரி இருந்தது. சொல்லமாட்டான், மச்சான் பெயரைச் சொல்லமாட்டான், பாவம், சாகடித்துவிடப் போகிறார்கள் என்று அவன் பதறிக்கொண்டிருந்தான். அவனுக்கு வேறு பெயர் எதுவும் தோன்றவே இல்லை. அதுதான் கொடுமை.

வீரமுத்து தலையைத் தூக்காமல் கையை மட்டும் நீட்டினான்.

“இவன்தாங்க.”

“எவன்?”

“கிறிஸ்துதாஸுங்க. எப்பவும் அந்தப் பக்கம் இவன்தானுங்க. யாரை வேணா கேட்டுப் பாருங்க.”

யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார்த்தார்கள். டீக்கடைக்காரன், சூளைக்காரன், வண்டிக்காரன், எல்லோரும் ஒரே குரலில் ஆமாம் என்றார்கள். பதினோரு வருஷமாக அது உண்மைதானே. கிறிஸ்துதாஸ் வீட்டில் இருந்தான் என்று சொன்னவள் உபகாரமேரி ஒருத்திதான். பெண்டாட்டி சொல்லை எந்த ஸ்டேஷனில் எழுதிக்கொண்டார்கள்?

கடலூர் ஜெயிலில் சங்கத்துக்காரர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களுக்கு ஊரிலிருந்து முறுக்கு வந்தது, பழம் வந்தது, வக்கீல் வந்தார். வக்கீல் கையில் ஒரு லிஸ்ட் இருந்தது. ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினார். கிறிஸ்துதாஸ் பெயர் அதில் இல்லை. “நீ எங்க ஆளு இல்லியே, நீ எதுக்குடா உள்ள வந்த?” என்று ஒருவன் நிஜமாகவே புரியாமல் கேட்டான். மற்றவர்கள் சிரித்தார்கள். மூன்றாம் வாரம் வீரமுத்து ஜாமீனில் போனான். வாசலில் மாலை போட்டார்கள் என்று வார்டர் வந்து சொன்னார். போவதற்கு முன்னால் வீரமுத்து இவன் இருந்த பக்கம் வரவில்லை.

உபகாரமேரி பங்குச் சாமியாரைப் பார்த்தாள். அவர் ஜாமீனுக்கு ஆள் தேடினார். கருணாபுரத்தில் யாரும் முன்வரவில்லை. “அவனுங்களுக்கு மரம் அறுக்கப் போனவன் தானே? அவனுங்களே எடுக்கட்டும்” என்றார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. பயந்து பயந்து தெருமுனையில் காவல் இருந்த ஜனங்கள். வீரமுத்து அந்த டம்ளரை உதட்டில் வைத்ததைத் தெருவே பார்த்திருந்தது. எல்லோரையும் தலைமுழுகிவிட்டு, அவள் தன் அண்ணனின் கால் காணி நிலத்துப் பத்திரத்தைக் காலில் விழுந்து வாங்கிவந்து ஜாமீன் கட்டும்போது மாசி மாதம் பாதி போயிருந்தது. தினமும் காலை பத்து மணிக்குள் கள்ளக்குறிச்சி ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது நிபந்தனை.

வெளியே வந்த மறுநாள் கையெழுத்துப் போடக் கிளம்பியவன், வழியில் மண்டிக்குப் போனான். வேலை கேட்கத்தான் போனான். மானம் ரோஷம் எல்லாம் இரண்டு வேளை சாப்பாடு இருக்கிறவனுக்கு. வாசலுக்கு முன்னாலேயே சத்தம் கேட்டது. சின்ன இஞ்சின். சேலத்தில் ஒரே ஒரு தடவை கேட்ட சத்தம், மறக்கவில்லை.

வீரமுத்து தனியாக நின்று அறுத்துக்கொண்டிருந்தான்.

கண்ணாயிரம் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். “வந்துட்டியா? பெரிய மிஷினைத் தொண்டிப் பொருள், கேஸுக்கு வேணும்னு போலீஸ்ல புடிச்சி வச்சிக்கினாங்கப்பா. அதான் இத எடுத்தேன். இதுக்கு ஒரு ஆளு போதும். அவன் சங்கத்துல நாலு பேரு கண்டிப்பா அவனத்தான் வைக்கணும்னு வந்து சொன்னாங்க. நான் இன்னா பண்ண முடியும்?”

கிறிஸ்துதாஸ் கட்டைப் பக்கம் நடந்தான். வீரமுத்து பார்த்தான், மிஷினை அணைத்தான். பதினோரு வருஷத்தில் மண்டிக்குள் அவர்கள் நடுவில் ஒரு ரம்பம் இல்லாமல் எதிரெதிரே நின்றதில்லை. வீரமுத்துவுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

“அய்யனாரு பரீட்சை எழுதிக்கினு கீறான்டா” என்றான் கடைசியில். “கேஸுன்னு ஒண்ணு இருந்தா கெவுர்மெண்டு வேலைக்கு எடுக்க மாட்டானுங்க. உனக்கு அப்படி ஒண்ணும் போறதில்லியேன்னுதான்… நான் இன்னாடா பண்ணுவேன்?”

உனக்கு ஒன்றும் போகிறதில்லை. கிறிஸ்துதாஸ் அதை ஒரு தரம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தான். ஐந்து மாதம் அவன் ஜெயிலில் யோசித்து யோசித்து வைத்திருந்த கெட்ட வார்த்தைகளில் ஒன்றுகூட அந்த நேரத்துக்கு வாயில் வரவில்லை. வீரமுத்துவின் கையிலிருந்த மிஷினைத்தான் பார்த்தான். சங்கிலி அலகை விட்டு விரல் கனத்துக்குத் தொங்கியது. இன்னும் அரை நாள் ஓட்டினால் அறுந்து முகத்தில் அடிக்கும்.

“அது இன்னான்னு தெரியல, லூசாவே ஓடுது” என்றான் வீரமுத்து, பேச்சு மாறிய நிம்மதியோடு.

கிறிஸ்துதாஸ் கையை நீட்டினான். மிஷினை வாங்கிக் கட்டை மேல் வைத்தான். பக்கத்துத் திருகைத் தளர்த்தி, அலகை நிமிர்த்திப் பிடித்து, சங்கிலியை முடுக்கி, திரும்பவும் திருகை இறுக்கினான். விரலால் சங்கிலியைச் சுற்றிப் பார்த்தான், தடையில்லாமல் போயிற்று. அவன் நல்லவன் என்பதற்காக இதைச் செய்யவில்லை. தொங்குகிற சங்கிலியைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க அந்தக் கைகளுக்குத் தெரியாது, அவ்வளவுதான். மனசு மட்டும் அறுந்து அடிக்கட்டும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது.

மிஷினைத் திருப்பிக் கொடுத்தான்.

“இது ஒத்த ஆளு மிஷினுங்க” என்றான். மண்டிக்குள் அவன் வீரமுத்துவிடம் “ங்க” போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. “இதுக்கு அந்தப் பக்கம் கெடையாதுங்க. நாளைக்கு எவனாவது வந்து கூட இருந்தது யாருன்னு அடிச்சிக் கேட்டா, கைய நீட்டறதுக்கு உங்களுக்கு ஆளு இருக்காது.”

வீரமுத்து மிஷினை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றான். கயிற்றை அவன் சுண்டவில்லை. கிறிஸ்துதாஸ் கைத் தூளை லுங்கியில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான். மணி ஒன்பதரை தாண்டியிருந்தது. கையெழுத்துப் போட ஸ்டேஷனுக்கு நடந்தான்.